படிக்கட்டில் கேட்ட இருமல்

உலகத்தில் அந்த இருமல் ஒரே ஒரு தொண்டையிலிருந்துதான் வரும் என்று சென்ற ஆண்டு மழைக்காலம் வரைக்கும் நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்தத் தொண்டை என் மகளுடையது. எனக்கு ஐம்பது நெருங்குகிறது. மைசூர் விஜயநகரில் குழாயும் மோட்டாரும் விற்கிற சொந்தக் கடை இருக்கிறது. தமிழ், கன்னடம், அரைகுறை ஹிந்தி என்று மூன்று பாஷையில் பேரம் பேசுவேன். அப்படிப்பட்ட ஆளுக்கு இப்படி ஒரு நம்பிக்கை. அது ஓர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில், ஒரு மத்தூர் வடையோடு சேர்ந்து உருண்டு போனதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்த இருமலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தகர டிரம்முக்குள் ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்து குரைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். கொரோனா சமயத்தில் என் மகள் ஒரு தடவை இருமினால் போதும், ரேஷன் கடை வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர்களெல்லாம் பெரிய மனசு பண்ணி வழிவிடுவார்கள். டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் காலை நீட்டிக்கொண்டு போவோம். இது ஒட்டுகிற இருமல் இல்லை என்று விளக்க ஆரம்பித்தால் இறங்கும் இடம் வந்துவிடும். அதனால் நான் விளக்குவதில்லை.

விளக்கம் இதுதான். அவள் பிறந்தபோது உணவுக்குழாய் முழுசாக இல்லை. மேல் பாதி தொண்டையிலிருந்து கிளம்பி நெஞ்சுக்குள் முட்டுச்சந்தாக நின்றுவிட்டது. கீழ்ப் பாதி வயிற்றிலிருந்து மேலே ஏறி, சேர வேண்டிய இடத்தில் சேராமல் மூச்சுக்குழாயில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறந்த கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை தள்ளியது. உதடு நீலமானது. உள்ளே விட்ட மெல்லிய டியூப் பாதியிலேயே மடங்கித் திரும்பி வந்தது. குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவர் வந்து, ஒரு தாளில் படம் போட்டு எனக்கு விளக்கினார்.

நான் கடைக்காரன் இல்லையா, படத்தைப் பார்த்ததும் தொழில் புத்தி முந்திக்கொண்டது. “நடுவுல ஒரு கப்ளிங் போட்டாச் சரியாயிடுமுங்களா டாக்டர்?” என்று கேட்டேன். இடைவெளி எத்தனை இஞ்சு என்று வேறு கேட்டேன். பயம் வந்தால் மற்றவர்களுக்கு அழுகை வரும். எனக்கு வியாபாரம் வந்தது.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “கப்ளிங் எல்லாம் கிடையாது. அவளோட சதையவே இழுத்துச் சேர்த்துத் தைக்கணும்” என்றார். மறுநாள் தைத்தார். என் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு நெஞ்சுக்குள், விலா எலும்புகளுக்கு நடுவே போய்த் தைத்தார். இன்றைக்கும் அவளுடைய வலது தோள்பட்டைக்குக் கீழே அந்தத் தழும்பு இருக்கிறது. தலைக்குக் குளிப்பாட்டும்போது என் மனைவி அதை ஒரு முறை தொட்டுக்கொள்வாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

தைத்த பிறகும் இரண்டு சங்கதிகள் பாக்கி இருந்தன. மூச்சுக்குழாய் அந்த இடத்தில் கொஞ்சம் தொளதொளப்பாக இருப்பதால் வருவதுதான் அந்த இருமல். அது வயது ஏற ஏறக் குறையும் என்றார்கள். இன்னொன்று, தைத்த இடம் குறுகிக்கொள்ளலாம். சாப்பாடு அங்கே சிக்கலாம். நான்கு வயதில் ஒரு கொய்யாத் துண்டு சிக்கியது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் டியூப் விட்டு எடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்த கையோடு மிக்ஸியை நான் என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் தட்டுக்குப் போகும் எதுவும் மிக்ஸியைத் தாண்டாமல் போனதில்லை. சாம்பார் சாதம், பிசிபேளேபாத், உப்புமா, எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே கூழாக வரும். டாக்டர் ஒவ்வொரு தடவையும் “மெதுவா சாதாரணச் சாப்பாட்டுக்குக் கொண்டு வாங்க” என்பார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்து ஸ்விட்சைப் போடுவேன். ஒரு நாள் தோசையைப் போட்டேன். என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம். அவளுக்குக் கோபம் வந்தாலும் மரியாதை குறையாது.

“ஏனுங்க, தோசைய அரைச்சா மறுபடியும் மாவுதானுங்க வரும்” என்றாள்.

இந்த நிலவரத்தில்தான் அந்த போன் வந்தது. அதே ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் இளம் பெண் டாக்டர் பேசினார். பிறந்தவுடன் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட குழந்தைகள் வளர்ந்த பிறகு எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படி மூச்சு விடுகிறார்கள், எப்படி வளர்கிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டார்.

மறுபடியும் நெஞ்சைத் திறப்பீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். மயக்க மருந்து உண்டா என்றேன். இல்லை. கத்தி? இல்லை. ஊசி? இல்லை. எதைக் கேட்டாலும் இல்லை என்கிறாரே, எதையோ மறைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் அவரே சொன்னார். வெள்ளையாக ஒரு மருந்தைக் குடிக்கச் சொல்லி, அது இறங்குவதை எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். பிறகு அதே மருந்தில் தோய்த்த ரொட்டித் துண்டு ஒன்று. இவளுக்கு இந்த வயதில் எப்படியும் ஒரு முறை பார்க்க வேண்டிய பரிசோதனைதான். நாங்கள் சம்மதித்தால் ஆராய்ச்சியிலும் சேர்த்துக்கொள்வார்கள், இல்லையென்றாலும் வைத்தியத்தில் ஒரு குறையும் இருக்காது.

“ரொட்டியா? அரைச்ச ரொட்டிதானே மேடம்?”

“இல்ல சார். துண்டு.”

அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. துண்டு சிக்கிக்கொண்டால் எடுக்க மறுபடி டியூப், மறுபடி அந்தப் பார்வை. போகவே வேண்டாம் என்று முடிவு பண்ணி, அதற்கு மூன்று காரணங்களும் தயார் செய்தேன். என் மனைவி மூன்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“அவங்க இல்லைன்னா இன்னிக்கு இவ இல்லீங்க. ஒரு நாள் போயி உக்காந்துட்டு வர்றதுக்கு உங்களுக்கு என்ன நோவு?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “எனக்கும் தெரியணுமுங்க. இறங்குமா இறங்காதா, ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். ஆயுசுக்கும் நீங்க மிக்ஸியத் தூக்கிட்டு இவ பின்னாடியே போவீங்களா?” என்றாள்.

போவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் நல்ல மழை. ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு நேரம் கொடுத்திருந்ததால் டாக்டரின் அறையில் நாங்கள் மட்டும்தான் இருந்தோம். போனில் பேசிய இளம் டாக்டர் எல்லாவற்றையும் மறுபடி விளக்கினார். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். வேலை முடிந்தது என்று எழுந்தால், “உக்காருங்க சார், இன்னும் சம்மதம் வாங்கல” என்றார்.

“இப்பதானே மேடம் போட்டேன்?”

“உங்க சம்மதம் ஆச்சு. பாப்பாவோடது?”

ஆராய்ச்சியில் சேர்க்க வேண்டுமென்றால் இந்த வயதுக் குழந்தையையும் கேட்டாக வேண்டுமாம். அவள் வேண்டாம் என்றால் நான் நூறு கையெழுத்துப் போட்டாலும் ஆராய்ச்சியில் சேர்க்க மாட்டார்களாம். எங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன பொரியல் என்றுகூட அவளைக் கேட்டதில்லை. எல்லாம் கூழாகத்தான் போகிறது, கேட்டு என்ன ஆகப்போகிறது. டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பெரியவர்களிடம் பேசுகிற மாதிரி கன்னடத்தில் பேசினார். என் மகளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சரளம். மருந்து சுண்ணாம்பு மாதிரி இருக்கும், ருசி இருக்காது என்பது வரை ஒளிக்காமல் சொன்னார். “அப்பா அம்மா சரின்னுட்டாங்க. ஆனா இது உன் தொண்டை. நீ என்ன சொல்றே?” என்று முடித்தார்.

ஒன்பது வயது. கடைக்காரன் மகள். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு, “சரி. ஆனா ஒரு கண்டிஷன்” என்றாள்.

“சொல்லு.”

“அப்பா உள்ள வரக் கூடாது.”

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று டாக்டர் கேட்டார்.

“நான் முழுங்கறப்ப அப்பாவும் முழுங்கறார். வாயத் தெறந்துட்டு, கழுத்த இப்படி நீட்டிட்டு.” எழுந்து நின்று செய்தும் காட்டினாள். ஆமை ஒன்று ஓட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல இருந்தது. “அதப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வருது. சிரிச்சாப் புரையேறுது.”

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் முதுகு குலுங்கியது. டாக்டர் மட்டும் முகத்தை மாற்றாமல், “நியாயமான கண்டிஷன்” என்றார். இத்தனை வருஷமாக நான் அவளுக்குத் துணையாக விழுங்கிய ஒவ்வொரு வாயும் இடைஞ்சல் என்று அன்றைக்குத் தீர்ப்பாகிவிட்டது.

எக்ஸ்ரே பிரிவு முதல் மாடியில். மகளின் நீல ரெயின்கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு தாயும் மகளும் உள்ளே போனார்கள். துணைக்கு நிற்க என் மனைவிக்கு ஈயக் கவசம் ஒன்றை மாட்டினார்கள். “கல்யாணப் பட்டுகூட இவ்ளோ கனமில்லீங்க” என்று சொல்லிக்கொண்டே போனாள். கனமான கதவு மூடிக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

நான் வராந்தாவில் நடந்தேன். கதவில் காதை வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் கால் எக்ஸ்ரேக்கு உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில், எனக்கு வேறு பிரிவில் வைத்தியம் தேவைப்படும் என்று நினைத்தது தெரிந்தது. அப்போதுதான் கேட்டது.

அதே இருமல். அதே தகர டிரம், அதே நாய்க்குட்டி. ஆனால் கதவுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. கீழே, படிக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்தது.

என் மூளை அந்த விநாடியில் போட்ட கணக்கை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ரொட்டி சிக்கிவிட்டது, வேறு வாசல் வழியாக அவளைத் தூக்கிக்கொண்டு கீழே ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடுகிறார்கள், என்னிடம் சொல்லவில்லை. அவ்வளவுதான். ஓடினேன். ஒரு செருப்பு வராந்தாவிலேயே நின்றுவிட்டது. படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு நீல ரெயின்கோட், தலையில் மாட்டிய தொப்பியோடு, குனிந்து இருமிக்கொண்டிருந்தது. என் மகளின் ரெயின்கோட் என் கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

பாய்ந்து போய் ஒரு கையால் குழந்தையை முன்னால் சாய்த்துப் பிடித்து, இன்னொரு கையால் முதுகில் தட்ட ஆரம்பித்தேன். தட்டிய வேகத்தில் குழந்தையின் கையில் இருந்த என்னவோ தெறித்துப் படி படியாக உருண்டு போனது. “கண்ணு, துப்பு, துப்பிரு சாமி” என்று நான் அலற, ரெயின்கோட்டுக்குள்ளிருந்து முன்பின் கேட்டறியாத ஒரு குரல், எனக்கு ஒன்றும் ஆகவில்லை அங்கிள், விடுங்கள் என்று கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தது.

“தட்டுங்க சார், பரவால்ல. ஆனா ஸ்வல்ப கீழ தட்டுங்க.”

நிமிர்ந்து பார்த்தேன். நாலு படி கீழே, இரண்டு கையிலும் காபிக் கப்போடு, காக்கிப் பேண்ட் போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். குழந்தையின் தொப்பி பின்னால் சரிந்தது. பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பெண். ரெட்டைச் சடை.

“இது… உங்க பொண்ணுங்களா?”

“ஆமா சார். அந்த வடையும் எங்களோடதுதான்.”

கீழே மூன்றாவது படியில் ஒரே ஒரு கடி கடித்த மத்தூர் வடை, தட்டையும் வட்டமுமாக, ஈரத்தில் கிடந்தது. வேறு யாராவதாக இருந்தால் என்னை அடித்திருப்பார். காவலாளியைக் கூப்பிட்டிருப்பார். இவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் அந்தப் பெண்ணின் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், உள்ளங்கையைக் குவித்து வைத்தபடி நின்ற என் கையை. அப்படித் தட்ட, ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தால்தான் தெரியும்.

“உங்களுதுக்கும் இதேதானா சார்?” என்று தன் மகளின் தொண்டையை மோவாயால் காட்டிக் கேட்டார்.

தலையை ஆட்டினேன். இந்த மாதிரிப் பிறக்கும் குழந்தைகள் வேறும் உண்டு என்று டாக்டர்கள் ஆரம்பத்திலிருந்தே சொல்லித்தான் இருந்தார்கள். எங்கோ இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டேனே ஒழிய, அவர்களும் இதே மாதிரி இருமுவார்கள், அவர்களுக்கும் பதறுகிற ஒரு அப்பன் இருப்பான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் உட்கார்ந்து ஒரு காபியை என் கையில் திணித்தார். சாமராஜநகரில் பஸ் கண்டக்டராம். சத்தியமங்கலம் ரூட்டில் ஓடி ஓடித் தமிழ் படிந்துவிட்டதாம். மகளும் இதே ஆராய்ச்சிக்குத்தான் காலையில் வந்தாள். பரிசோதனை முடிந்ததும் பசியில் வடை வாங்கிக்கொண்டு, மறந்துபோன குடையை எடுக்க ஏறி வந்திருக்கிறார்கள். படி ஏறினால் அவளுக்கு இருமல் வருமாம். எங்களுக்கும் வரும் என்றேன். ‘எங்களுக்கு’ என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

“வடை எல்லாம் சாப்பிடுவாளுங்களா?”

“உங்களுது சாப்பிடாதா?”

“நாங்க அரைச்சுக் குடுத்துருவோமுங்க.”

“எதை?”

“எல்லாத்தையும்.”

“தோசையுமா சார்?”

“தோசையும்.”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நானும் இட்லிய அரைச்சிருக்கேன் சார். வெளிய சொல்லிடாதீங்க.”

அப்புறம் எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். ஒரு கல்யாணத்தில் மகளைக் காணோம் என்று மண்டபம் முழுக்கத் தேடினாராம். அவள் யாருக்கும் தெரியாமல் பந்தியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்துப் பாயசத்தில் இருந்தாளாம். “இப்பவும் எப்பவாச்சும் சிக்கும் சார். தண்ணி குடிப்பா, சித்த நேரம் நடப்பா, இறங்கிரும். இறங்கலைன்னா இங்க ஓடி வருவோம். பயம் போச்சான்னு கேக்காதீங்க. அது போகல.”

பேச்சு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் வந்தது. இருவருக்கும் ஒரே டாக்டர். கண்டக்டருக்கு அதைக் கேட்டதும் குஷியாகிவிட்டது.

“அப்ப எங்க பொண்ணு சீனியர் சார். இவளுக்கு வாய்வழியாப் பால் எப்ப ஆரம்பிக்கறது, எவ்ளோ குடுக்கறதுன்னு அவர் பக்கத்துலயே உக்காந்து பார்த்துப் பார்த்துச் செஞ்சார். இவகிட்ட நெறயக் கத்துக்கிட்டேன்னு எப்ப வந்தாலும் சொல்லுவார். உங்க பொண்ணு குடிச்ச பால்ல எங்க பொண்ணுக்கும் பங்கு இருக்கு. ஒரு வடை வாங்கிக் குடுத்தாத் தப்பில்ல.”

“சட்னியோட” என்றாள் அந்தப் பெண், முதுகைத் தடவிக்கொண்டே.

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. இத்தனை வருஷமாக அந்த டாக்டருக்கும் சாமிக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அவர்களுக்கு நடுவில் இப்படி ஒரு ரெட்டைச் சடை இருந்தது எனக்குத் தெரியாது. இவளுக்கு முன்னால் வேறு யாரோ ஒரு குழந்தை. இன்று மேலே என் மகள் சுண்ணாம்புத் தண்ணீரைக் குடிப்பதைப் பார்த்து, இன்னும் பிறக்காத ஏதோ ஒரு குழந்தையைப் பற்றி அந்த இளம் டாக்டருக்கு ஏதோ ஒன்று புரியலாம். அதற்குத்தான் அத்தனை மரியாதையாக அவளிடம் சம்மதம் கேட்டார் போலிருக்கிறது.

வடை வாங்க எழுந்தபோது என் மனைவி மேலேயிருந்து இறங்கி வந்தாள். ஒரு கையில் மகள், இன்னொரு கையில் என் ஒற்றைச் செருப்பு. மகளின் உதட்டு ஓரத்தில் வெள்ளை ஒட்டியிருந்தது.

“எங்கீங்க போயிட்டீங்க? எப்பவோ முடிஞ்சுதுங்க. நீங்க தலைதெறிக்க ஓடினீங்கன்னு வெளிய ஒரு பெரியவர் சொன்னாருங்க, அந்த நேரத்துலதான் இவ ரொட்டிய முழுங்கினா.”

தைத்த இடம் கொஞ்சம் குறுகல்தான், ஆனால் வழி இருக்கிறது. அதற்குக் கீழே குழாய் மெதுவாகத்தான் தள்ளுகிறது, அதனால் நன்றாக மென்று, நடுநடுவே தண்ணீர் குடித்துச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் பிறகு சொன்னார். மிக்ஸி தேவையில்லை என்றும் சொன்னார். இருமல் இன்னும் இருக்கிறது. கண்டக்டர் மைசூருக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வருவார், இரண்டு பேரும் உட்கார்ந்து கொஞ்சம் பயப்பட்டுக்கொள்வோம். இரண்டு பேராகப் பயப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது அந்தப் படிக்கட்டுதான்.

ஆனால் நடந்தது என்னவென்றால், ஐந்து வருஷத்துக்குப் பிறகு என் மகள் அரைக்காத ஒரு ரொட்டித் துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கியபோது நான் அங்கே இல்லை. அரை மாடி கீழே இன்னொருவர் மகளின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். ரொட்டி தானாகவே இறங்கியது.